மட்டாஞ்சேரியில் ஒரு நைட்ரஜன் கேன்

கொச்சிக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் கடலை நிதானமாகப் பார்க்கவில்லை. அங்கே போய்வந்தவர்கள் சீன வலையைப் பற்றியும் கப்பல்களைப் பற்றியும் பேசும்போது நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த ஊர் என்றால் ஒரு அலுமினியக் கேன், அதன் வாயிலிருந்து கசிந்த வெள்ளைப் புகை, ஓயாத கவலை, இவ்வளவுதான்.

எழுபதுகளின் பிற்பகுதி. கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சர்க்கார் கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு வேலை. ஜெர்சியையும் நாட்டு மாட்டையும் கலந்து கலப்பின மாடு உண்டாக்கிக்கொண்டிருந்தோம். பால் நிறையக் கறக்கும். ஆனால் உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்தால் நாலைந்து நாளில் கண் வெளுத்து, மூச்சு வாங்கி, செத்துப்போகும். கடன் வாங்கி மாடு பிடித்தவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நாளில் உண்ணிக் காய்ச்சலுக்கு நம்பிக் கொடுக்கிற மாதிரி மருந்து எங்கள் கைக்கு வந்திருக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் ஒரு கூட்டம் வேறு வழியில் முயன்றுகொண்டிருந்தது. நம் பக்கத்து சிந்தி மாடுகளைக் கொண்டுபோய் ஜெர்சியோடு கலந்து, உண்ணி ஏறாத மாடுகளாகப் பார்த்துப் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அதில் ஒரு காளையின் உறைவிந்து வேண்டும் என்று நான் எழுதாத இடமில்லை. மூன்று மேலதிகாரிகள் மாறினார்கள். கடைசியில் சம்மதம் வந்தபோது காளை செத்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்ததை ஒரே கேனில் போட்டுக் கொச்சிக்கு வரும் கப்பலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அது கெட்டுப்போனால் மறுபடி கேட்கக் காளை இல்லை. என் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் அந்தக் கேனுக்குள் இருந்தது.

கேன் என்பது இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய பிளாஸ்க். உள்ளே திரவ நைட்ரஜன். அதன் குளிரில்தான் விந்துக் குழாய்கள் உயிரோடு இருக்கும். மூடி இறுக்கமாக இருக்காது, இருக்கவும் கூடாது. அடுப்பில் வைத்த பால் சுண்டுவதுபோல நைட்ரஜன் தானாகச் சுண்டிப் புகையாக வெளியேறிக்கொண்டே இருக்கும். முழுக்கச் சுண்டுவதற்குள் மறுபடி ஊற்றியாக வேண்டும். கப்பல் வழியில் எங்கெங்கோ நின்று, சொன்ன நாளைத் தாண்டித்தான் வந்தது.

முதல் நாள், எறணாகுளத்தில் இறங்கும்போது நல்ல மழை. லாட்ஜ்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட யார்?" என்று மலையாளத்தில் கேட்டார். யாரும் இல்லை என்றேன். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுப்பதில்லை என்றார். அடுத்த லாட்ஜிலும் அதே கேள்வி, அதே பதில். எங்கள் ஆபீஸ் பியூன் கந்தசாமி கிளம்பும்போதே சொல்லியிருந்தான், "எதுக்கும் எங்க அக்கா வீட்டு விலாசம் வெச்சுக்குங்க மேடம்" என்று. அவசியம் இருக்காது என்று நினைத்துத்தான் வாங்கிப் பையில் போட்டேன். படகு பிடித்து மட்டாஞ்சேரிக்குப் போனேன்.

படகு ஜெட்டியில் இறங்கியதும் மிளகு வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அதைத் தாண்டினால் சுக்கு, அதைத் தாண்டினால் கருவாடு, அதையும் தாண்டினால் சாக்கடை. எங்கள் ஊரில் மழை பெய்தால் மண்வாசனை வரும். இங்கே சரக்குக் கிட்டங்கி கிட்டங்கியாக வாசனை மாறுகிறது. ஒரு சந்தின் கோடியில் கந்தசாமியின் அக்கா சரசுவின் வீடு. இரண்டு அறை, பின்னால் ஓலைக் கொட்டகை, அதில் ஒரு கலப்பினப் பசு. புல் என்பதே கண்ணில் படாத அந்த ஊரில் அது பலாப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது.

சரசுவின் மாமனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த குடும்பம். கணவர் மாணிக்கம் தோப்பும்படியில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவர்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் ராகம் முழுக்க மலையாளம்.

"கந்தன் ஆபீசரா? அய்யோ, நனைஞ்சு போயிட்டீங்களே. முதல்ல ஒரு சாயா குடிங்க, பின்ன பேசலாம்" என்றாள் சரசு.

கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் கொடுத்தாள். வெதுவெதுப்பாக இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் கொடுத்தாள். இதில் என்ன கலந்திருக்கிறது, வயிற்றுக்கு ஆகுமா என்று அதற்கும் ஒரு கவலை எனக்கு. ஏதோ மரத்தின் சீவலாம், நல்லதாம். கப்பலில் என்ன வருகிறது என்று மாணிக்கம் கேட்டார். ஒரு பெண் பிள்ளை, முன்பின் தெரியாத ஆணிடம், சாப்பிட்டுக்கொண்டே காளை விந்து என்று எப்படிச் சொல்வது? "மாட்டுக்கு மருந்து. ரொம்பக் குளிர்ச்சியா வெச்சிருக்கணும்" என்றேன்.

"குளிர்ச்சின்னா நம்ம பணியாச்சே" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

இரண்டாம் நாள் முழுக்கத் துறைமுகத்தில். சுங்க அதிகாரி கண்ணியமான மனிதர். ஆனால் இந்தச் சரக்கை எந்த வகையில் சேர்ப்பது என்பது அவருக்குப் பெரிய பிரச்சினை. "இது பிராணியா, மருந்தா, உணவா?" என்று கேட்டார். அங்கே வெட்கப்பட முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார், "உயிருள்ளதா, உயிரில்லாததா?"

"அந்தக் கவலைதான் சார் எனக்கும்" என்றேன்.

மூடியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தேன். புகை வழிந்து மேஜையெல்லாம் பரவியது. இன்னொரு அதிகாரி வந்தார், அவருக்கும் திறந்தேன். செய்தி பரவி, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் இரண்டு தடவை திறக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் என் உயிரில் கொஞ்சம் வெளியே போனது. குச்சியை விட்டு ஆழம் பார்த்தேன். பனி படிந்தது, அதாவது நைட்ரஜன் மிச்சம் இருந்தது, நாலு விரற்கடைதான்.

வெளியே வந்தால் சுமைக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். அங்கே சரக்கை யார் வேண்டுமானாலும் தூக்கிவிட முடியாது, அந்தந்த இடத்துக்கு அந்தந்த யூனியன். புகையைப் பார்த்துவிட்டு, தீப்பிடிக்கிற சரக்கு என்று பின்வாங்கினார்கள். தீ இல்லை, குளிர் என்று ஓட்டை மலையாளத்தில் சொன்னேன். தலைவர் போலிருந்தவர் புகையில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம், "பெண்பிள்ளை பொய் சொல்லவில்லை" என்றார். அப்புறம் இரண்டு பேர், பிள்ளைத்தாச்சியை நடத்திக் கூட்டிப்போவதுபோல அத்தனை பக்குவமாகக் கைவண்டியில் ஏற்றினார்கள். பாலத்தைத் தாண்டியதும் அடுத்த யூனியன் எல்லை. இறக்கி, மறுபடி ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் காலையில், களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் நைட்ரஜன் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். கேனை இழுத்துக்கொண்டு அலைந்து, கிடைக்காவிட்டால் என்ன செய்வது? விசாரித்துவிட்டு வந்து தூக்கிப்போகலாம் என்று சரசு வீட்டிலேயே வைத்தேன். யாரும் திறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். யாரும் திறக்கவில்லைதான்.

போட், அப்புறம் பஸ். பஸ் இடப்பள்ளி தாண்டி டயர் வெடித்து நின்றது. பயணிகள் இறங்கி, பழம்பொரி வாங்கித் தின்றுகொண்டு மறுநாள் பந்த் பற்றி உற்சாகமாகப் பேசினார்கள். "நாளைக்கு ஒரு சைக்கிள்கூட ஓடாது" என்று ஒருவர் பெருமையோடு சொன்னார். எங்கள் ஊரில் பந்த் என்றால் கடைக்காரர்கள் அரைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வியாபாரம் செய்வார்கள். இங்கே அதைத் திருவிழா மாதிரி நடத்துகிறார்கள். நான் அடுத்த பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் ஒரு பொறியாளர், பாலக்காட்டுத் தமிழர், பொறுமையாகக் கேட்டார். "கேனைக் கொண்டு வாங்கோ, ரொப்பித் தந்துடறேன். ஆனா நாளைக்குக் கேட் திறக்காது கேட்டேளா, நாளன்னைக்குத்தான்" என்றார். நாலு விரற்கடை அதுவரை தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே திரும்பினேன். கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பொழுது சாயும் முன் ஜெட்டியில் இறங்கி, அந்த நிம்மதியில் சரசு குழந்தைக்கு ஒரு பொட்டலம் கடலை வாங்கினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் கேனைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய தேயிலைப் பெட்டி. பெட்டிமேல் சரசுவின் சின்ன மகள் உட்கார்ந்து புட்டு தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, வாங்க. நீங்க போனதுக்குப் பின்ன பார்த்தேன், மூடி வழியா குளிரெல்லாம் போயிட்டே இருக்கு. சும்மா விடலாமா?" என்றார் மாணிக்கம். "மூடியோட கார்க்கை அடிச்சு இறக்கி, பஞ்சும் குங்கிலியமும் வெச்சு அடைச்சாச்சு. நம்ம வள்ளத்துல, தோணியில ஓட்டை அடைக்கிற மாதிரி. மேல கம்பி கட்டி, சுத்தி ஐசும் மரத்தூளும் போட்டிருக்கு. இனி ஒரு பொட்டுப் புகை வராது."

மீனையும் ஐசையும் வைத்துப் பிழைக்கிற ஊரில் அதைவிடச் சரியான வேலை இருக்க முடியாது. குளிரை உள்ளே வைத்து இறுக்கி மூடுவதுதான் அவருடைய தொழில். ஆனால் நைட்ரஜனை இறுக்கி மூடினால் அது உள்ளேயே பொங்கிப் பொங்கி, கடைசியில் கேனோடு வெடிக்கும். காலையிலிருந்து மூடியிருக்கிறது. அதன்மேல் குழந்தை.

நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. குழந்தையை இழுத்துச் சரசு கையில் கொடுத்து எல்லோரையும் சந்துக்குத் துரத்தினேன். பெட்டியைப் பிரித்து, ஐசை வாரிப் போட்டு, கம்பியைக் குறடால் வெட்டினேன். முகத்தை விலக்கிக்கொண்டு காய்கறிக் கத்தியால் குங்கிலியத்தைச் சுரண்டினேன். பாம்பு மாதிரி ஒரு சீறல். பிறகு கார்க் பறந்துபோய்க் கூரை ஓட்டை உடைத்தது. வீடு முழுக்க வெள்ளைப் புகை. கொட்டகையில் பசு மிரண்டு கத்தியது. யாரோ வெளியே "தீ, தீ" என்று கூவினார்கள்.

புகை அடங்கியதும் குச்சியை விட்டேன். ஒரு விரற்கடைகூட இல்லை. பொங்கினது பொங்கி வழிந்துவிட்டது.

நான் மாணிக்கத்தைத் திட்டினேன். சாப்பாடு போட்ட மனிதரை, அவர் வீட்டு நடு அறையில் நின்றுகொண்டு, வாய்க்கு வந்தபடி. அவர் உடைந்த ஓட்டின் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சரசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "விஷமிக்காதீங்கம்மா. நல்லதுக்குன்னு நினைச்சுத்தானே செஞ்சாரு" என்றாள். வருத்தப்படாதே என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது.

நாலாம் நாள் பந்த். சந்து கழுவிவிட்ட மாதிரி காலியாக இருந்தது. கேனை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தேன். குச்சியில் பனி படிகிறதா இல்லையா என்றே சந்தேகம். அடிமட்டத்தில் ஈரம் மாதிரி ஏதோ இருந்தது. நாளைக்கு அதுவும் இருக்காது.

பசு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நேற்று மிரண்டதால் என்று முதலில் நினைத்தேன். கவனித்துக் கேட்டால் அது வேறு கத்தல். எழுந்துபோய்ப் பார்த்தேன். வால் தூக்கி, கண்ணாடி மாதிரி நூல் தொங்க நின்றது. நல்ல சினைப் பருவம்.

"காலைலேர்ந்து கத்துதும்மா. மிருக ஆஸ்பத்திரி இன்னிக்குப் பூட்டு. போன தடவை அங்க போட்ட குத்திவைப்பு சினை பிடிக்கல" என்றாள் சரசு. "இதுக்கு முன்ன ஒரு பசு இருந்தது. உண்ணிப் பனி, அதாம்மா காய்ச்சல், அது வந்து, கண்ணு ரெண்டும் வெள்ளக் கடதாசி மாதிரி ஆகி, மூணாம் நாள் போயிட்டு. லோன் இன்னும் அடைஞ்சு தீரல. இதுவும் பால் வத்திட்டா என்ன செய்யிறதுன்னு தெரியல."

நான் அவளிடம் அப்போதுதான் கேனில் இருப்பது என்ன என்று சொன்னேன். எந்தக் காளை, எங்கிருந்து, எதற்காக என்றும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதையா மருந்துன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பசுவைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். சர்க்கார் சொத்து. ஒவ்வொரு குழாயும் எந்த மாட்டுக்கு என்று பண்ணையில் முடிவாகியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு எல்லாமே செத்துவிடலாம். இன்றைக்கு உயிர் இருக்கலாம். மட்டாஞ்சேரியில் இன்றைக்குப் பருவத்தில் நிற்பது எனக்குத் தெரிந்து இந்த ஒரு பசு. எழுந்துபோய், "ஒரு டம்ளர் வெந்நீர் கொடு. கை பொறுக்கிற சூடு போதும்" என்றேன்.

சினை ஊசிக் குழல் எப்போதும் என் பையில் இருக்கும். கேனிலிருந்து ஒரு விந்துக் குழாயை எடுத்து வெந்நீரில் உருக்கினேன். சரசு வாலைப் பிடித்துக்கொண்டாள். மாணிக்கம் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிஷ வேலை. முடிந்ததும் பசு ஒன்றும் நடக்காததுபோல் பலாத்தோலைத் தின்றது. நான் கையைக் கழுவிக்கொண்டு, செய்தது சரியா தவறா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

மறுநாள் மாணிக்கம் ஐஸ் லாரி ஒன்றைப் பேசி என்னையும் கேனையும் ஏற்றிக்கொண்டு களமசேரிக்கு வந்தார். பொறியாளர் சொன்னபடி கேனை நிரப்பிக் கொடுத்தார். ஆலுவா ஸ்டேஷனில் மாணிக்கம் கேனை ஏற்றிவிட்டு, மூடியைத் தொடாமல், "இப்படி லேசா இருந்தாத்தான் சரி, இல்லியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரயில் நகர்ந்த பிறகுதான், உங்கள்மேல் கோபமில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

பண்ணையில் முதல் குழாயை உருக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உயிருள்ள விந்து கண்ணாடியில் எறும்புப் புற்று மாதிரி நெளியும். இதில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதில் அசையவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன். நிரப்புவதற்கு முன்பே, வழியில் எப்போதோ, கேன் வறண்டுவிட்டது. செத்தவற்றை நான் மறுபடி குளிர வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

பிறகு கந்தசாமியைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தேன். உங்க அக்கா வீட்டுப் பசு மறுபடி கத்தியதா? கத்தவில்லையாம். சினைதானா? சினையாம். ஒருநாள் காலையில் அவன் என் மேஜைமுன் வந்து நின்று, "ஈத்துப்போச்சு மேடம். காளைக் கண்ணு" என்றான்.

சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். நின்றபடியே பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் காளைக் கன்றை யார் வைத்து வளர்ப்பார்கள்? பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து லாரி லாரியாக மாடு போவதே அந்தப் பக்கத்து இறைச்சிக் கடைகளுக்குத்தான். சரசுவுக்குச் சொல்லி அனுப்பினேன், எப்படியாவது வைத்திரு, வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று.

சர்க்காரில் வந்து வாங்கிக்கொள்வது என்பது லேசில் நடக்கிற காரியமா? வேறு மாநிலத்தில், தனியாரிடம், வம்சச் சான்று இல்லாத கன்றை வாங்க விதி இல்லை என்று கோப்பு திரும்பியது. என் குழாய்தான் சான்று என்று எழுதினேன். சர்க்கார் சொத்தைத் தனியார் மாட்டுக்குக் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த மெமோவையே வம்சச் சான்றாகக் கோப்பில் சேர்த்து அனுப்பினேன். கோப்பு மேஜை மேஜையாக நகர, கன்று அங்கே வளர்ந்தது. ஒவ்வொரு பண்டிகை வரும்போதும் கந்தசாமியிடம், "இருக்கானா?" என்று கேட்பேன். "இருக்கான் மேடம்" என்பான். எண்பதுகள் பிறந்து, உத்தரவு கைக்கு வந்தபோது அந்தக் கன்று ஒரு முழுக் காளை.

இரண்டாம் பயணத்தில் மழை இல்லை, வெயில். ஜெட்டியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, சரசுவைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லாமல் கொட்டகைக்குள் நுழைந்தேன். பசு மட்டும் நின்றது. பக்கத்தில் முளைக்குச்சியில் கயிறு இல்லை.

"எங்கே?" என்றேன்.

"அவன் இப்ப இங்கயா இருப்பான்? பஜார்ல இருப்பான்" என்று சிரித்தாள் சரசு.

மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு சுக்குக் கிட்டங்கியின் வாசலில், போகிற வருகிற வண்டிகளை மதிக்காமல் நின்றுகொண்டு, முட்டைக்கோஸ் தழையை மென்றுகொண்டிருந்தான். செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகம், நம் சிந்தி மாட்டின் திமில் கொஞ்சம். சுமைக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். போட்டோவில் மட்டும் பார்த்த காளை அப்படியே நின்றது. பக்கத்தில் போய்க் காதுக்குப் பின்னால், தாடை மடிப்பில், தொடையிடுக்கில் கைவிட்டுத் துழாவினேன். உண்ணி மொய்க்கிற இடங்கள் அவை. தெருவில் கிடந்து திரிகிற மாடு, கை நிறைய வர வேண்டும். ஒன்றிரண்டுகூட அகப்படவில்லை. அப்போதுதான் பின்தொடையில் சூடு போட்ட சூலத்தைப் பார்த்தேன்.

"அம்மனுக்கு நேர்ந்து விட்டாச்சு" என்றாள் சரசு. "நீங்க வரேன் வரேன்னு வரல. அறுப்புக்காரங்க வாரா வாரம் வந்து கேட்டாங்க. இவரும் தீனிக்கு எங்க போகன்னு கேட்டாரு. நான் என்ன செய்ய? மாரியம்மனுக்குன்னு சூலம் போட்டுட்டா ஒருத்தரும் தொடமாட்டாங்க. முஸ்லிம் இக்காமாருகூட வழி மாறித்தான் போவாங்க."

என் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். அங்கே இருந்த பெரியவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "அம்மனோட சொத்து, முதல். கொடுக்க நாங்க யாரு? சர்க்கார் வேணும்னா அம்மன்கிட்ட கேட்டுக்கட்டும்" என்றார். அவரிடம் மரபணுவைப் பற்றி ஏதோ பேச வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். நேர்ந்துவிடாமல் இருந்திருந்தால் இவன் எப்போதோ தராசில் தொங்கியிருப்பான். என் கோப்பு நகராத காலமெல்லாம் அம்மன்தான் அவனைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். அவளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

ஆனால் வருத்தம் வருத்தம்தான். திண்டாடிப்போய் நின்றேன். சரசு என் கையைப் பிடித்து, "அவனைத்தானே தரமாட்டாங்க? இங்க வாங்க" என்று இழுத்தாள்.

அடுத்த சந்தில் பாத்துமா இத்தா என்ற முஸ்லிம் பெண்மணியின் வீடு. வாசலில் ஒரு சின்னக் காளைக் கன்று கட்டியிருந்தது. செம்பழுப்பு, கறுத்த முகம். கோயில் காளைக்குத் தடுப்பேது, வேலியேது? அந்த வட்டாரத்தில் இரண்டு வருஷமாகப் பிறந்தவற்றில் பாதி அவன் முகம்தானாம். நான் பண்ணையில் வருஷக்கணக்காகத் திட்டம் போட்டதை அவன் பஜாரில் கோஸ் தழையைத் தின்றுகொண்டே செய்து முடித்திருந்தான்.

கன்றை எனக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். பாத்துமா இத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளிக்கிழமை இறைச்சிக்கடை ஹம்சா வந்து கொண்டுபோவதாக இருந்தது, பாலைக் குடிப்பதைத் தவிர இவனால் பிரயோசனம் இல்லையே, என்றார் மலையாளத்தில். "எதற்கு உனக்கு?"

"வளர்க்க" என்றேன்.

"காளைக் கன்றையா?" என்று மூக்கில் விரலை வைத்தார். ஆனாலும் அவிழ்த்துக் கொடுக்கும்போது அதன் கழுத்தைத் தடவி, போகிற இடத்தில் கஞ்சி ஊற்றச் சொன்னார்.

மாணிக்கம்தான் வண்டி பிடித்தார். பொள்ளாச்சியிலிருந்து மாடு ஏற்றிவந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி. வைக்கோலைப் பரப்பி, கன்றை ஏற்றி, கயிற்றை அவர் கையாலேயே கட்டினார். இறுக்கமாகக் கட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, கொஞ்சம் தளர்த்தினார். இந்தத் தடவை நான் விடவில்லை. "அன்னைக்கு உங்களைத் திட்டினது இன்னும் மனசுல இருக்குங்க" என்றேன். "அது அப்பவே புகையோட போச்சும்மா" என்றார்.

வாளையாறு வரை எதிரே மாட்டு லாரிகள் வந்துகொண்டே இருந்தன. கொம்பும் கொம்பும் உரச, கழுத்தைத் தூக்கி நின்றபடி எல்லாம் மேற்கே போயின. எங்கள் லாரி மட்டும் கிழக்கே. டிரைவர் பொள்ளாச்சிக்காரர். "பதினஞ்சு வருசமா ஓட்டறேனுங்கம்மா. இந்த வண்டியில திரும்பி வர்ற மொத உருப்படி இதானுங்க" என்றார்.

சோதனைச் சாவடியில் அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். அத்தனை பெரிய லாரியின் நடுவில் ஒற்றைக் கன்று. வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வரிசையில் நின்ற மேற்கு லாரிகளைக் காட்டி, மாடு போகிற பக்கம் அது என்றார். தெரியும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு பதிவேட்டைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை எதற்காக என்ற கட்டத்தில் அறுப்புக்கு, அறுப்புக்கு என்றே எழுதியிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வளர்க்க" என்றேன்.

ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

தடுப்புக் கட்டையைத் தூக்கினார்கள். லாரி நகர்ந்ததும், கயிறு கழன்றிருக்குமோ, மூச்சு முட்டுமோ, வழியில் உண்ணி ஏறுமோ என்று எனக்குப் பழையபடி எல்லாக் கவலையும் வந்துவிட்டது. டிரைவரை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பின்னால் ஏறிப் பலகை இடுக்கில் கையை நீட்டினேன். கன்று வந்து என் விரல்களை வாயில் கவ்விச் சப்ப ஆரம்பித்தது. அதற்கு நல்ல பசி.